அக்கா முகம் சுளித்த கதை

அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கிக்காரர்களுக்கும் தபால்காரருக்கும் மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவன் கருத்து. வயதில் சின்னவர்களுக்குக் கருத்தண்ணன். வேலை செய்யும் இடத்தில் யாரோ ஒரு வாய்த்துடுக்குக்காரன் வைத்த பெயர், வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பொருந்தவில்லை என்று சொல்ல முடியுமா? லிஃப்டில் கீழே ஏறினால், தன் வீட்டு மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு மூன்று தொழில்களுக்குச் சங்கு ஊதிவிடுவான்.

"இன்ஜினியரிங்கா தம்பி? அதெல்லாம் முடிஞ்சு போச்சு."

"பேங்க் வேலையா? அதுவும் முடிஞ்சு போச்சு."

"சினிமாவா? தியேட்டர்ல ஈ ஓட்டிக்கிட்டு இருக்கான். எப்பவோ முடிஞ்சு போச்சு."

எதிர்வீட்டுப் பெண் பல் மருத்துவம் படிக்கப் போவதாக ஆசையாகச் சொன்னாள். இன்னும் கொஞ்ச நாளில் மெஷினே வாய்க்குள் புகுந்து பல்லைப் பிடுங்கிவிடும் என்று அவளிடமும் சொல்லி வைத்தான். அந்தப் பெண்ணின் அம்மா அதற்குப் பிறகு அவனோடு லிஃப்டில் ஏறுவதில்லை, படியில்தான் போகிறாள். உலகத்தில் முடியாமல் பாக்கியிருந்த தொழில் ஒன்றே ஒன்றுதான். அது அவன் பார்த்த தொழில்.

அவன் ஒரு டிவி கம்பெனியில் எடிட்டர். இரண்டு பக்கமும் ஆட்களை உட்கார வைத்து மோதவிட்டு, நடுவில் ஒருவர் நின்றுகொண்டு எண்ணெய் ஊற்றுவாரே, அந்த மாதிரி நிகழ்ச்சி. பின்னால் படிப்படியாகப் போட்ட வரிசைகளில் பார்வையாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசுவதை ஒரு மணி நேரமாக வெட்டிக் கொடுப்பது கருத்தின் வேலை. ஜன்னல் இல்லாத அறை, இரண்டு திரை, கைப்பிடி கிழிந்த சுழல் நாற்காலி. உள்ளே போனால் வெளியில் மழையா வெயிலா என்று தெரியாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் உலகம் எந்தப் பக்கம் போகிறது என்று அவன் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பேசிக்கொண்டே இருந்தால் பார்க்கிறவருக்கு அலுத்துவிடும். அதனால் நடுநடுவே கேட்கிறவர் முகத்தைக் காட்டுவார்கள். ஆனால் பேசுகிற நேரத்தில் எல்லா முகத்தையும் கேமரா பிடிக்குமா? பிடிக்காது. எனவே நிகழ்ச்சி தொடங்கும் முன்பே ஃப்ளோர் மேனேஜர் வந்து நிற்பார். "எல்லாரும் ஒரு தடவை சிரிங்க பாப்போம். இப்போ ஆச்சரியப்படுங்க. இப்போ யாரோ அழுற மாதிரி நினைச்சுக்கிட்டு சோகமா இருங்க." ஜனங்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி செய்வார்கள். அது முடிந்த பிறகும் கேமரா ஓடிக்கொண்டிருக்கும். கொட்டாவி விடுவார்கள், காதைக் குடைவார்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து முறைப்பார்கள். அத்தனையும் கருத்தின் கணினிக்கு வந்து சேரும். அதற்கு அவன் வைத்த பெயர் மூஞ்சிக் கிடங்கு. அழுகிற இடத்துக்கு ஒரு அழுகை, சிரிக்கிற இடத்துக்கு ஒரு சிரிப்பு, எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது.

இது பொய்யில்லையா என்று புதிதாகச் சேர்ந்த ஒருவன் கேட்டபோது கருத்து சிரித்தான். "பொய் எங்கடா இருக்கு? மூஞ்சி நிஜம். நேரம்தான் கொஞ்சம் முன்னப் பின்ன." தன் பதிலை நினைத்து அன்று முழுக்கக் கருத்துக்கு ஒரே பூரிப்பு.

இனி அக்கா. அவன் கூடப் பிறந்தவள், ஏழெட்டு வயது மூத்தவள். அதே கட்டிடத்தில் இரண்டு மாடி கீழே தனியாக இருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டவள். ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. ஊசி ஏறும்போது யாரும் தன் கையைப் பார்க்க மாட்டார்கள், எதிரில் இருப்பவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அக்காவுக்கு அது தெரியும். அதனால் "அவ்வளவுதான், முடிஞ்சுது, பாத்தீங்களா, ஒண்ணுமே இல்ல" என்று பேசும்போது அவள் முகமும் அதையே சொல்லும். பெரிய மீசை வைத்த ஆம்பிளைகள்கூட "அந்த அக்கா வரட்டும், அப்புறம் எடுத்துக்கறோம்" என்று வெளியே பெஞ்சில் காத்திருப்பார்கள். சம்பளம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் அந்தப் பெஞ்சைப் பற்றிப் பேசும்போது அக்காவுக்கு முகம் மலர்ந்துவிடும்.

தம்பி சொல்வது அவளுக்கு வேதவாக்கு. ஒருமுறை அவர்கள் நிலையத்துக்கு ரத்த அணுக்களை எண்ணும் புது மெஷின் வந்தது. கண்ணால் பார்த்து எண்ணுவது போல வருமா என்று அக்கா குறைப்பட்டுக்கொண்டாள். சாப்பிட்ட கை தட்டிலேயே காய்ந்துகொண்டிருக்க, கருத்து பாடம் எடுத்தான்.

"மெஷினுக்குச் சொந்தபந்தம் கிடையாதுக்கா. கோபதாபம் கிடையாது. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது. மனுஷன்தான் பொய் சொல்லுவான்."

"அதுவும் சரிதான்," என்றாள் அக்கா.

சொன்னவன் அதை மறந்துவிட்டுக் கை கழுவப் போனான். கேட்டவள் மறக்கவில்லை. சும்மா சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு இது ஒரு வசதி பாருங்கள், சொன்னதைச் சுமப்பது எப்போதும் இன்னொருவர்தான்.

ஒரு நாள் நிகழ்ச்சிக்குப் பார்வையாளர்கள் குறைவாக வந்திருந்தார்கள். வீட்டு ஆட்களைக் கூட்டிவரச் சொன்னார் தயாரிப்பாளர் மேடம். அக்காவுக்கு அன்று விடுமுறை. நல்ல உடுப்பாகத் தேடி உடுத்திக்கொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். எல்லோருக்கும் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அந்தப் பிஸ்கட் அவளுடைய சொத்தைப் பல்லுக்குள் போய் அடைத்துக்கொண்டது. நிகழ்ச்சி தொடங்கும் முன் அவள் நாக்கால் அதைத் தோண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு ஃப்ளோர் மேனேஜர் மறுபடி வந்து, விளக்கு வெளிச்சம் பட்டுப் பளபளக்கிறது என்று அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றைய பேச்சு, பொழுதுபோக்குத் துறைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி. ஒரு பக்கம் பெருமைப்படும் பெற்றோர், இன்னொரு பக்கம் பயப்படும் பெற்றோர். பெருமைப்படும் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா எழுந்தார். மைக்கை வாங்கிக்கொண்டார்.

"என் பொண்ணு நல்ல கணக்கு வேலையை விட்டுட்டு வந்துட்டாங்க. இப்போ போன் முன்னாடி நின்னு மானேஜர் மாதிரி, டாக்டர் மாதிரி, கழுதை மாதிரி குரல் மாத்திப் பேசி வீடியோ போடுறா. நாலு பேர் சிரிக்கிறாங்க. சொந்தக்காரங்க என்னைத் திட்டுறாங்க. எனக்கு என்னமோ, அவ கழுதை மாதிரி கத்தும்போதுதாங்க ரொம்பப் பெருமையா இருக்கு."

கூடமே அதிர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பு, அப்படி ஒரு கைதட்டல். பயப்படும் பக்கத்துப் பெற்றோர்கூடத் தட்டினார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். "என்ன பேச்சுடா அந்தம்மா! தட்டித் தட்டிக் கையே எரியுது எனக்கு. ஆனா ஆரம்பத்துல அந்தப் பிஸ்கட் என் உயிரை வாங்கிடுச்சு."

அடுத்த வாரம் எடிட்டிங் அறையில் மேடம் பின்னால் வந்து நின்றார். ஜெராக்ஸ் அம்மா பேச்சை இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார்.

"எல்லாரும் கைதட்டினா யாரு பாப்பாங்க? சேனலை மாத்திடுவாங்க. இந்த இடத்துல யாராவது ஒருத்தர் உறுத்தலா பாக்கணும். ஒரு மூஞ்சி எடுத்துப் போடு."

கருத்து கிடங்கைத் திறந்தான். ஒரு பெரியவர் முறைப்பு நாடகத்தனமாக இருந்தது. ஒரு பையன் முகம் கோபமாக இல்லை, பசியாக இருந்தது. அடுத்தது அக்கா. உதட்டின் ஒரு பக்கம் மேலே ஏறி, கண் சுருங்கி, மூக்கு மடிந்து, எதிரில் இருப்பவரைப் புழுவைப் பார்ப்பது போல ஒரு பார்வை. பிஸ்கட்தான். அவனுக்குத் தெரியாதா என்ன? கை ஒரு நொடி தயங்கியது. தயங்கியது என்று சொல்வதுகூட அவனுக்கு நான் காட்டும் சலுகை. கைதட்டலை வெட்டி எறிந்தான். அக்காவின் முகத்தைப் பெரிதாக்கிப் போட்டான். கொஞ்சம் நிசப்தம் விட்டு, கீழே ஒரு "டொய்ங்" சத்தத்தையும் சேர்த்தான்.

"சூப்பர்," என்றார் மேடம். "யாரு இந்தம்மா? செம மூஞ்சி."

"யாரோ வந்தவங்க மேடம்," என்றான் அவன்.

ஒளிபரப்பான அன்று அக்கா வீட்டில்தான் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். கருத்தின் மனைவி கேக் செய்து கொண்டுவந்திருந்தாள். முதலில் இரண்டு மூன்று தடவை கூட்டத்தோடு கூட்டமாகத் தெரிந்தபோது அக்கா சின்னப் பெண் மாதிரி கை காட்டிச் சிரித்தாள். பிறகு ஜெராக்ஸ் அம்மா பேசினார். கழுதை என்றார், பெருமை என்றார். திரை முழுக்க அக்கா முகம். டொய்ங்.

"அய்யய்யோ," என்றாள் அக்கா. "நான் இப்படியாடா பாத்தேன்?"

கருத்து கேக்கை வாயில் அடைத்துக்கொண்டான்.

"நான் கைதட்டின மாதிரில்ல எனக்கு ஞாபகம்?"

"விடுக்கா. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க. இப்பல்லாம் ஜனங்களுக்கு எது ஞாபகம் இருக்கு?"

இதுவும் அவன் பல நாளாகச் சொல்லிவந்த கருத்துகளில் ஒன்று. இதுவும் பொய்த்தது. யாரோ அந்த முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, கைப்பேசியில் அனுப்பும் ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். யாராவது எதையாவது பெருமையாகச் சொன்னால் போதும், பதிலுக்கு அக்கா முகம் வந்து விழுந்தது. பரீட்சையில் பாஸானேன் என்றால் அக்கா முகம். புது வண்டி வாங்கினேன் என்றால் அக்கா முகம். கருத்தின் மனைவி தான் செய்த கேக்கின் படத்தைக் குடும்பக் குழுவில் போட, தூரத்துச் சொந்தக்காரன் ஒருவன் ஆள் யாரென்று சரியாகப் பார்க்காமல் அதே ஸ்டிக்கரைப் பதிலாகப் போட்டான். அக்காவும் அந்தக் குழுவில்தான் இருந்தாள். பார்த்தாள் என்பதற்கான அடையாளம் கீழே விழுந்தது, பதில் எதுவும் வரவில்லை.

அதன் பிறகு அக்கா மாஸ்க் போட ஆரம்பித்தாள். ரத்தம் எடுக்கும்போது போடுவது வழக்கம்தான். இப்போது கடைக்குப் போனாலும் மாஸ்க், லிஃப்டிலும் மாஸ்க். டீ குடிக்க மட்டும் கழற்றி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒரு நாள் மாலை கருத்து வேலை முடிந்து வந்தபோது, அவள் தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இன்னிக்கு ஒரு பொண்ணு குழந்தையைத் தூக்கிக்கிட்டு வந்தாடா. குழந்தை சிரிக்கட்டுமேன்னு மாஸ்க்கை இறக்கினேன். அவ என்னைப் பாத்துட்டு, 'ஐயோ, நீங்களா? வேற யாராவது எடுக்கட்டுமே'ன்னா. குழந்தையை இப்படி இழுத்து அணைச்சுக்கிட்டா, என்னமோ நான் கடிச்சு வைக்கப்போற மாதிரி." அக்கா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதி வழியிலேயே நின்றுபோனது. "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த மூஞ்சியை அந்த இடத்துல யாருடா போட்டது?"

கேள்வி நேராக வந்தது. பதிலும் நேராக வந்திருக்கலாம். கருத்தின் நாக்கு வழக்கம்போலச் சுறுசுறுப்பாக இருந்தது.

"யாரும் போடலக்கா. இப்பல்லாம் மனுஷனா வெட்டுறான்? எல்லாம் ஏஐதான். அதுவே பாத்து, யாரு எப்ப எப்படிப் பாத்தாங்கன்னு தேடி எடுத்துப் போட்டுடும். டெக்னாலஜி எங்கயோ போயிடுச்சு. நாங்க சும்மா பட்டனைத் தட்டுறதோட சரி."

சொல்லிவிட்டு, தப்பித்தோம் என்று மூச்சு விட்டான். அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ அது நிஜம்தான்," என்றாள். "மனுஷன் போட்டிருந்தா ஏதோ தப்பா போட்டுட்டான்னு நினைச்சுக்கலாம். மெஷினுக்கு என்னைத் தெரியுமா? என் மேல கோபமா? அதுக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு நீதானே சொன்ன? நான்தான் அப்படிப் பாத்திருக்கேன். வாயால நல்லாப் பேசிட்டு, கையையும் தட்டிட்டு, உள்ளுக்குள்ள அந்தம்மாவை அப்படி நினைச்சிருக்கேன். இத்தனை வயசு வரைக்கும் என்னைப் பத்தி எனக்கே தெரியலடா."

கருத்துக்கு மூஞ்சியில் ஈயாடவில்லை. இல்லக்கா என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால், அடுத்த கேள்வி என்ன என்று அவனுக்குத் தெரியும். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியேறி மேலே ஓடிவிட்டான். வெட்கக்கேடு, வேறென்ன சொல்வது? எந்தத் தொழில் எப்போது சாகும் என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிற வாய், கூடப் பிறந்தவளிடம் அந்த ஒரு சொல்லைச் சொல்ல மாட்டேன் என்றது.

அக்கா அதோடு விடவில்லை. அந்த அம்மாவை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பிடித்த பிடியாக நின்றாள். முகவரி தர மாட்டார்கள், விதிமுறை அப்படி என்று அவன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். "நீ கேக்கலன்னா நானே உங்க ஆபீசுக்கு வந்து அந்த மேடம்கிட்ட கேக்கறேன்" என்றாள். அக்கா ஆபீசுக்கு வந்தால், மேடம் எல்லோர் முன்னாலும் "நம்ம கருத்தோட கைவண்ணம்" என்று தட்டிக்கொடுத்துவிடுவார். மறுநாளே அவன் முகவரியைக் கொண்டுவந்து கொடுத்தான். தனியாக அனுப்பவும் பயம். கூடவே போனான்.

குறுகலான தெருவில், மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய கடை. ஒரு மெஷின், ஒரு லேமினேஷன் பெட்டி, சூடான காகித வாசனை. மூலையில், வீடியோ எடுப்பவர்கள் வைத்திருக்கும் வட்ட விளக்கு ஒன்று ஸ்டாண்டோடு நின்றது. அதன் மேல் ஒரு குடை தொங்கியது. ஜெராக்ஸ் அம்மா என்ன காப்பி வேண்டும் என்று கேட்டார். அக்கா மாஸ்க்கைக் கழற்றினாள்.

அந்த அம்மா மெஷின் மூடியில் வைத்திருந்த கையை எடுக்கவில்லை. "ஓ," என்றார். பிறகு, "உக்காருங்க," என்று இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பக்கத்துக் கடையிலிருந்து டீ வரவழைத்தார். யாரும் எதுவும் பேசாத அந்த இடைவெளியைக் கருத்தால் தாங்க முடியவில்லை. படபடப்பில் வாயைத் திறந்தான்.

"ஜெராக்ஸ் தொழிலும் இப்போ முடிஞ்சு போச்சு, இல்லீங்களா? எல்லாம் போன்லயே..."

அக்கா அவன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். வாய் மூடியது.

"உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கத்தாங்க வந்தேன்," என்றாள் அக்கா.

"மன்னிப்பு எதுக்குங்க? சொல்லப்போனா நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்." அந்த அம்மா குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னார். "அன்னிக்குப் பேசும்போது எனக்கு வந்த படபடப்புல காதே அடைச்சுப் போச்சு. யாரு என்ன செஞ்சாங்கன்னே தெரியாது. டிவியில உங்க முகத்தைப் பாத்தப்புறம்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. நாம பெருமைப்பட்டுக்கிட்டு இருக்கோம், ஜனங்க இப்படித்தான் பாக்கறாங்கன்னு தெரிஞ்சுது. போதும்டி, விட்டுடுன்னு நான்தான் பொண்ணுகிட்ட சொன்னேன். பழைய கணக்கு வேலைக்கே போயிட்டா. நல்லதுதான். என்ன, வீட்டுல கழுதைச் சத்தம் இல்ல, அது ஒண்ணுதான்."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள்.

"நான் எவ்வளவு பெரிய பாவின்னா, நீங்க கேளுங்க. அன்னிக்கு ஆரம்பத்துலயே என் கண்ணாடியைக் கழட்டச் சொல்லிட்டாங்க. கழட்டி மடியிலதான் வச்சிருந்தேன். எல்லா இடத்துலயும் கண்ணாடி இல்லாமத்தான் இருக்கேன். அந்த ஒரு இடத்துல மட்டும் போட்டிருக்கேன். திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். உங்களை நல்லாத் தெளிவாப் பாத்து முறைக்கணும்னே எடுத்துப் போட்டிருக்கேங்க. இல்லன்னா எதுக்குப் போடப்போறேன்?"

கண்ணாடி! இத்தனை வருஷத் தொழிலில் அவன் கோட்டைவிட்ட ஒரே இடம். ஒளிபரப்பான மறுநாளே அவன் கவனித்திருந்தான். யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று நடுங்கியிருந்தான். கண்டுபிடித்தவள் அக்கா. அதையும் எடுத்துத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"அக்கா, போதும்," என்றான். "நீ அப்படிப் பாக்கவே இல்லக்கா. அது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்தது. உன் பல்லுல பிஸ்கட் மாட்டிக்கிச்சே, அந்த நேரம். மெஷினும் இல்ல ஒண்ணும் இல்ல. நான்தான் எடுத்து அங்க வச்சேன்."

அக்கா அவனையே பார்த்தாள். பிறகு நடந்ததுதான் அவனால் இன்றுவரை தாங்க முடியாதது. அவள் திட்டவில்லை. முகமெல்லாம் மலர்ந்து, அவன் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ நான் கெட்டவ இல்லையாடா?" என்றாள். "பிஸ்கட்டா? வெறும் பிஸ்கட்டா?" அந்த அம்மா பக்கம் திரும்பினாள். "நான் தட்டினேங்க! எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, கையெல்லாம் எரிஞ்சுது! நான்தான் என்னையே நம்பல!"

ஜெராக்ஸ் அம்மா அக்காவைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் பேசினப்போ நிஜமா என்னதான் நடந்துச்சு தம்பி?"

"கைதட்டினாங்க." தலையைத் தூக்க முடியவில்லை அவனுக்கு. "எல்லாரும் தட்டினாங்க. எதிர்ப் பக்கம்கூட. ரொம்ப நேரம். நான்தான் அதை வெட்டிட்டேன்."

"அதை எடுத்துக் கொடுக்க முடியுமா? நான் யாருக்கும் காட்ட மாட்டேன். என் பொண்ணுக்கு மட்டும் ஒரு தடவை காட்டணும்."

"இல்லீங்க. டிவியில வந்து கொஞ்ச நாள்ல மத்ததை எல்லாம் அழிச்சிடுவோம். இடம் பத்தாது." அதோடு நிறுத்தியிருக்கலாம். உண்மை சொல்ல ஆரம்பித்த வாய் நிற்கவில்லை. "மூஞ்சிங்களை மட்டும்தான் வச்சிருப்போம்."

ஒருவர் வந்து அடையாள அட்டையை நீட்டினார். அந்த அம்மா எழுந்துபோய் முன்பக்கம் பின்பக்கம் காப்பி எடுத்துக் கொடுத்தார். மிச்சச் சில்லறையைக் கொடுத்தார். திரும்பி வந்து காலி டீ கிளாஸ்களை எடுத்து ஓரமாக வைத்தார். அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க இன்னொரு நாள் வாங்க. பொண்ணு வீட்டுல இருக்கும்போது வாங்க. தட்டினேன்னு அவகிட்ட நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா நம்ப மாட்டா." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க மட்டும் வாங்க."

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. அக்கா மாஸ்க்கைப் பையில் போட்டுவிட்டு, காற்று முகத்தில் அடிக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முன் இருக்கையில் ஒரு குழந்தை திரும்பிப் பார்த்தது. அவள் நாக்கை நீட்டிக் காட்டினாள், அது சிரித்தது. நாளைக்கே பல் டாக்டரைப் பார்த்து அந்தப் பல்லைப் பிடுங்கிவிட வேண்டும், எல்லாம் அதனால் வந்த வினை என்றாள். கருத்துக்கு அவள் திட்டித் தீர்த்திருந்தால் தேவலை என்றிருந்தது. இரண்டு நிறுத்தம் போன பிறகு, ஏதோ வழியில் நினைவுக்கு வந்தது போல அக்கா கேட்டாள்.

"ஏண்டா, அது என் முகம்னு தெரிஞ்சா போட்ட? கூட்டத்துல யாரோன்னு நினைச்சுத்தானே போட்ட?"

ஆமாம் என்று சொல்ல அவளே வழி செய்து கொடுத்திருந்தாள். வேலை அவசரம், முகங்கள் ஆயிரம், கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியும் இருப்பாள். அன்றைக்குப் பார்த்து அவனிடம் பொய் தீர்ந்துபோயிருந்தது.

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா?"

"வேற யார் முகத்தைப் போட்டாலும் சண்டைக்கு வருவாங்க. எங்கிட்ட கேக்காம எப்படிப் போட்டீங்கன்னு கேஸ் போடுவாங்க. நீ..." அவன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "நீ வர மாட்டேன்னு தெரியும்."

அக்கா மடியிலிருந்த பையைப் பார்த்தாள். பிறகு அதைத் திறந்து மாஸ்க்கை எடுத்து, ஒரு காதில் மாட்டி, இன்னொரு காதில் மாட்டி, மூக்கின் மேல் கம்பியை அழுத்திச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முன் இருக்கைக் குழந்தை மறுபடி திரும்பிப் பார்த்துவிட்டு, ஏமாந்துபோய் அம்மா தோளில் சாய்ந்தது. இறங்கும் இடம் வரும்வரை கருத்து அக்காவின் காதோரத்தில் இருந்த அந்த வெள்ளை நாடாவையே பார்த்துக்கொண்டு வந்தான். துணிக்குப் பின்னால் அவள் என்ன முகம் வைத்திருந்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.